ஏற்றமும் இறக்கமும்: சுவீடிய ஹொக்கித் தகுதிகாண் சுற்றுப்போட்டியின் சமூக வரலாறு

1

விளையாட்டின் வரலாறு தமிழில் நடைபெறும் சமூக ஆய்வுகளில் இன்னும் தனக்குரிய இடத்தைப் பெற்றுவிடவில்லை. இலக்கியம், நாடகம், சமயம், சடங்கு ஆகியவற்றைச் சமூக அடித்தளத்தோடு இணைத்து நோக்கும் முறை நம்மிடையே ஓரளவு வேரூன்றியுள்ளது. ஆயின், கோடிக்கணக்கான உழைக்கும் மக்களின் ஓய்வு நேரத்தையும் உணர்ச்சிகளையும் ஆட்கொள்ளும் விளையாட்டினை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடும் மனப்பாங்கு இன்றும் தொடர்கின்றது. உயர்கலை ஆராய்ச்சிக்கு உரியது, வெகுசனங்களின் விருப்பு ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது என்ற பழைய பாகுபாட்டின் எச்சமே இது எனலாம்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மேலோட்டமாக நோக்குவோர்க்கு மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். சுவீடன் நாட்டில் 1976ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், குளிர்காலத்தின் இறுதியில் நடைபெற்ற பனிக்கட்டி ஹொக்கித் தகுதிகாண் சுற்றுப்போட்டியே அது. சுவீடிய மொழியில் அது 'க்வால்சேரியன்' எனப்பட்டது. முதற்பிரிவில் கடைநிலையுற்ற கழகங்களும் இரண்டாம் பிரிவில் முன்னணியில் நின்ற கழகங்களும் ஒரே களத்தில் மோதி, அடுத்த ஆண்டு மேலே இருப்பவர் யார், கீழே இருப்பவர் யார் என்பதைத் தீர்மானித்தன. 'க்வால்' என்பது தகுதிகாண் என்னும் சொல்லின் சுருக்கம். அதே ஒலியுடைய சொல்லுக்கு அம்மொழியில் வேதனை என்னும் பொருளும் உண்டு. அச்சுற்றுப்போட்டியை அனுபவித்த மக்கள் இவ்விரு பொருளையும் ஒருசேரவே உணர்ந்தனர்.

சமூகத்தின் மேற்றட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே ஒரு வாயில் இருக்கவேண்டுமா, இருப்பின் அதன் அகலம் எவ்வளவு, அதனைத் திறக்கவும் அடைக்கவும் அதிகாரமுடையோர் யாவர் என்னும் வினாக்கள் இச்சிறு நிறுவனத்தின் வரலாற்றில் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகின்றன. அதுவே இவ்வாய்வுக்கான நியாயம்.

2

கழகங்கள் மேலேறுவதும் கீழிறங்குவதும் இயல்பானவையென இன்று கருதப்படுகின்றன. உண்மையில் அவை வரலாற்றால் உருவாக்கப்பட்டவை. இங்கிலாந்தில் 1888இல் தொடங்கப்பட்ட தொழில்முறை உதைபந்தாட்டக் கூட்டமைப்பு 1892இல் இரண்டாம் பிரிவொன்றை அமைத்தது. இரு பிரிவுகளுக்கும் இடையே கழகங்கள் மாறுவதைத் தீர்மானிக்கச் 'சோதனை ஆட்டங்கள்' எனப்பட்ட தகுதிகாண் போட்டிகள் 1893 முதல் நடைபெற்றன. 1898இல் ஸ்டோக், பேர்ன்லி ஆகிய இரு கழகங்களும் தமது இறுதி ஆட்டத்தில் வெற்றி தோல்வியின்றி முடித்தாலே போதும் என்ற நிலை எழுந்தது. இருசாராரும் கோல் போட முயலாது ஆட்டத்தை 0-0 என முடித்துக்கொண்டனர். இந்த ஊழலின் பின் சோதனை ஆட்டங்கள் கைவிடப்பட்டன. புள்ளிப்பட்டியலின் அடிப்படையில் நேரடியாக ஏறுவதும் இறங்குவதும் நடைமுறைக்கு வந்தன.

இதற்கு நேர்மாறானது வட அமெரிக்க முறை. 1917இல் தோன்றிய தேசிய ஹொக்கிக் கூட்டமைப்பில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அங்கே ஒரு கழகத்தின் இடம் உடைமையாளர் விலைகொடுத்துப் பெற்ற சொத்தாகும். 1967இல் அக்கூட்டமைப்பு ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாக விரிந்தபோதும், புதிய ஆறும் களத்தில் வென்று நுழையவில்லை. அவற்றின் உரிமையாளர் பணம் செலுத்தி நுழைந்தனர். ஆகவே இரு கொள்கைகள் நம்முன் உள்ளன. இடம் என்பது ஆட்டத்தால் ஈட்டப்படுவது என்பது ஒன்று, மூலதனத்தால் வாங்கப்படுவது என்பது மற்றையது. சுவீடனின் ஹொக்கி வரலாறு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட போராட்டத்தின் வரலாறாகும்.

3

சுவீடனுக்கு இவ்வாட்டம் வெளியிலிருந்து வந்தது. பனித்தரையில் பந்தினைக் கொண்டு பதினொருவர் ஆடும் 'பாண்டி' என்னும் ஆட்டமே அங்கு முன்னர் வழங்கியது. அமெரிக்கத் திரைப்படத் தொழிலைச் சார்ந்த ராவுல் லே மாட் என்பவரின் தூண்டுதலால், பாண்டி ஆட்டக்காரரைப் பெரும்பான்மையாகக் கொண்ட அணியொன்று 1920இல் அன்ற்வேர்ப் ஒலிம்பிக்குக்கு அனுப்பப்பட்டது. 1922இல் தேசிய ஹொக்கிச் சம்மேளனம் நிறுவப்பட்டது, அதே ஆண்டில் தேசியச் சம்பியன் போட்டியும் தொடங்கியது. 1926 முதல் வெற்றியாளர்க்கு வழங்கப்பட்டுவரும் கிண்ணம் லே மாட்டின் பெயரையே தாங்கியுள்ளது.

ஆயின், இறக்குமதியான ஆட்டம் ஊன்றிய மண் சுவீடனுக்கே உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டில் தொழிற்சங்க இயக்கம், மதுவிலக்கு இயக்கம், அரச திருச்சபையிலிருந்து விலகிய சுதந்திரத் திருச்சபை இயக்கம் ஆகியன பெருகின. இவற்றைச் சுவீடியர் 'மக்கள் இயக்கங்கள்' என்றனர். 1903இல் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டுச் சம்மேளனம் காலப்போக்கில் இவற்றுள் ஒன்றாகவே தன்னை வரையறுத்துக்கொண்டது. உறுப்பினர் சந்தா செலுத்துவர், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவர்க்கு ஒரு வாக்கு உண்டு, நிருவாகிகள் தெரிவு செய்யப்படுவர் என்பதே கழகங்களின் யாப்பு. கழகம் எவரது சொத்துமன்று.

1928இல் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பேர் அல்பின் ஹான்சொன் முன்வைத்த 'மக்கள் இல்லம்' என்னும் கருத்தும், 1932 முதல் 1976 வரை ஏறத்தாழ இடையறாது நீடித்த அக்கட்சியின் ஆட்சியும் இவ்வமைப்புக்கு அரசியற் பின்புலமாயின. பல ஊர்களில் உள்ளூராட்சிச் சபைகளே வரிப்பணத்தைக் கொண்டு பனிக்கட்டி அரங்குகளை அமைத்தன. எனவே, விளையாட்டின் உற்பத்திச் சாதனங்களிற் பெரும்பகுதி பொதுவுடைமையாகவே இருந்தது எனல் மிகையாகாது.

அதே வேளையில் தனியார் மூலதனம் இவ்வமைப்புக்கு வெளியே நின்றது என்று கொள்ளுதலும் தவறாகும். ஆலைநகரங்களில் கழகமும் ஆலையும் பின்னிப்பிணைந்திருந்தன. வட கரையோர நகரான எர்ன்ஷெல்ட்ஸ்விக்கின் கழகம் 1960களில் தனக்கு ஆதரவளித்த காட்டுவளக் கம்பனியின் பெயரையே ஏற்று 'மோடோ' ஆயிற்று. மரக்கூழ் ஆலைகளைச் சார்ந்து வளர்ந்த திம்ரோவின் கழகமும் முன்னர் ஆலையின் பெயரைத் தாங்கியிருந்தது. யெவ்லே துறைமுக நகரின் தொழிலாளர் குடியிருப்பான ப்ரினெஸ் தன் பெயரைக் கொண்ட கழகத்தின் மூலம் 1964க்கும் 1972க்கும் இடையில் ஏழு தடவைகள் தேசியச் சம்பியன் பட்டத்தை ஈட்டியது. டாலார்னா மாகாணத்துச் சிற்றூரான லெக்சாண்ட் 1969இலும், 1973 முதல் 1975 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகளும் தலைநகரக் கழகங்களைப் பின்தள்ளி வென்றது. சிறு ஊரும் பெருநகரும் ஒரே களத்தில் ஒப்ப நிற்கலாம் என்ற நம்பிக்கைக்கு இவ்வெற்றிகள் பொருளுருவம் தந்தன.

4

1975ஆம் ஆண்டில் பத்துக் கழகங்களைக் கொண்ட 'எலிட்சேரியன்' என்னும் முதற்பிரிவு தொடங்கப்பட்டது. 'மேட்டிமைத் தொடர்' என இதனைத் தமிழில் கூறலாம். சமத்துவத்தைப் பறைசாற்றிய ஒரு சமூகம் தனது முதன்மைப் போட்டிக்கு இத்தகைய பெயரைச் சூட்டியது ஊன்றி நோக்கத்தக்கது.

இம்மாற்றத்தின் காரணங்கள் பொருளியல் சார்ந்தவை. அமெச்சூர் விதிகள் 1967இல் நீக்கப்பட்டமையால் ஆட்டக்காரர்க்கு வெளிப்படையாக ஊதியம் வழங்க வழி பிறந்தது. அடுத்து, வட அமெரிக்க மூலதனம் சுவீடியத் திறனை விலைக்கு வாங்கத் தொடங்கியது. 1973இல் ப்ரினெஸ் கழகத்தின் பெர்யே சால்மிங், இங்கெ ஹம்மர்ஸ்ட்ரெம் ஆகிய இருவரும் ரொறன்ரோவுக்குச் சென்றனர். 1974இல் அன்டர்ஸ் ஹெட்பெரி, உல்ஃப் நில்சொன் ஆகியோர் வினிப்பெக் அணியிற் சேர்ந்தனர். சால்மிங் வட கோடியிலுள்ள கிருனா என்னும் இரும்புச் சுரங்க நகரிற் பிறந்தவர். அவர் ஐந்து வயதுச் சிறுவனாயிருந்தபோது தந்தை சுரங்க விபத்தில் உயிரிழந்தார். அச்சுரங்கங்களின் தொழிலாளரே 1969 டிசெம்பரில் அரச கம்பனிக்கு எதிராகவும் தமது தொழிற்சங்கத் தலைமையின் விருப்புக்கு மாறாகவும் வேலைநிறுத்தத்தில் இறங்கி, மறு ஆண்டு பெப்ரவரி வரை நின்றனர். தாதுப்பொருளை ஏற்றுமதி செய்த மண் இப்பொழுது தன் மைந்தரின் உடல்வன்மையையும் ஏற்றுமதி செய்யலாயிற்று. இவ்வெளியேற்றத்தைத் தடுக்கவேண்டுமாயின் உள்நாட்டில் ஊதியம் உயரவேண்டும். ஊதியம் உயர வருவாய் வேண்டும். வருவாய்க்குக் கவர்ச்சியான ஆட்டங்கள் செறிந்த சிறிய முதற்பிரிவு வேண்டும். இத்தேவையே எலிட்சேரியனாக உருப்பெற்றது.

இன்னொன்றையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். அதே ஆண்டில்தான் பொருளியலாளர் ருடோல்ஃப் மெய்ட்னர், கம்பனிகளின் இலாபத்தில் ஒரு பகுதியைப் பங்குகளாகத் தொழிலாளர் நிதியங்களுக்கு மாற்றும் திட்டத்தைத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் முன்வைத்தார். மூலதனத்தின் உடைமையைப் படிப்படியாகச் சமூகமயமாக்க எண்ணிய முயற்சியும், விளையாட்டினைச் சந்தையின் தேவைக்கு ஏற்ப ஒழுங்குபடுத்திய முயற்சியும் ஒரே காலத்தில் தோன்றின. முன்னையது பின்னையதைத் தோற்றுவிக்கவில்லை. ஆயினும் ஒரு சமூகம் இருவேறு திசைகளில் இழுபட்ட காலம் அது என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகின்றன. தகுதிகாண் சுற்றுப்போட்டி அந்த இழுபறியின் சமரசம் எனலாம். மேலே மேட்டிமை அமைக்கப்பட்டது, ஆனால் அதன் வாயில் மக்கள் இயக்கத்தின் பெயரால் திறந்து வைக்கப்பட்டது.

5

சுற்றுப்போட்டியில் ஆடிய அணிகளின் தொகையும் முறையும் காலத்துக்குக் காலம் மாறின. முதற்பிரிவும் 1987இல் பன்னிரண்டு கழகங்களாக விரிந்தது. சுற்றுப்போட்டியின் பிற்கால வடிவமே மக்கள் மனத்தில் நிலைத்தது. பன்னிரண்டு கழகங்களுள் கடைசி இரண்டும், இரண்டாம் பிரிவின் நான்கும் ஆக ஆறு அணிகள் அதிற் பங்குபற்றின. ஒவ்வோர் அணியும் ஏனைய ஐந்தையும் தன் ஊரில் ஒருமுறையும் எதிரியின் ஊரில் ஒருமுறையும் சந்தித்தது. அணியொன்றுக்குப் பத்து ஆட்டங்கள், மொத்தம் முப்பது. முதலிரு இடங்களைப் பெற்றோர் முதற்பிரிவுக்கு உரியராயினர். எஞ்சிய நால்வரும் இரண்டாம் பிரிவுக்குச் சென்றனர்.

இவ்வமைப்பின் தருக்கத்தைச் சற்று ஆராய்தல் தகும். முதற்பிரிவிலிருந்து வந்த அணியும் இரண்டாம் பிரிவிலிருந்து வந்த அணியும் பூச்சியத்திலிருந்தே தொடங்கின. முன்னைய தகைமை எதற்கும் புள்ளி இல்லை. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் முதலாளித்துவ ஜனநாயகத்தின் கோட்பாடு இங்கே அதன் தூய வடிவில் காணப்பட்டது. அக்கோட்பாட்டின் வரம்பும் இங்கேயே வெளிப்பட்டது. முதற்பிரிவுக் கழகம் தொலைக்காட்சி உரிமைப் பணத்தையும், பெருங்கம்பனிகளின் விளம்பர ஒப்பந்தங்களையும், அவற்றால் திரட்டிய ஆட்டக்காரரையும் கொண்டு களமிறங்கியது. இரண்டாம் பிரிவுக் கழகம் கடன்பட்டு, மேலேறினால் மீட்கலாம் என்ற எதிர்பார்ப்பில், ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டு வந்தது. தொடக்கக்கோடு ஒன்றே, ஆனால் அதனை வந்தடைந்த பாதைகள் வேறு. வடிவச் சமத்துவமும் பொருட் சமத்துவமின்மையும் ஒன்றையொன்று மறைத்தும் வெளிக்காட்டியும் நின்ற களம் அது.

இத்தடைகளைக் கடந்து சில அணிகள் ஏறவே செய்தன. வெக்ஷோ நகரில் முன்னிருந்த கழகம் கடனால் முறிந்தபின், 1997இல் 'லேக்கர்ஸ்' என்னும் புதிய கழகம் நிறுவப்பட்டது. அடிமட்டப் பிரிவிலிருந்து தொடங்கிய அது 2011இல் தகுதிகாண் சுற்றுப்போட்டியில் வென்று முதற்பிரிவை அடைந்தது, 2015இல் தேசியச் சம்பியனாயிற்று. ஒருகாலத்தில் காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற எரெப்ரூ நகரின் கழகம் 2013இல் மேலேறியது.

இறக்கங்கள் இதனினும் ஆழ்ந்த பாதிப்பை ஏற்படுத்தின. வேறெந்தக் கழகத்தினும் மிகுதியாகப் பதினாறு தேசியச் சம்பியன் பட்டங்களைக் கொண்ட தலைநகரக் கழகமான யூர்கோர்டன், 1977 முதல் தொடர்ந்து முப்பத்தைந்து பருவகாலங்கள் முதற்பிரிவில் இருந்தபின், 2012இல் இச்சுற்றுப்போட்டியில் தோற்று வீழ்ந்தது. லெக்சாண்டின் அனுபவம் இன்னும் நீண்ட வேதனையாகும். 2006இல் கீழிறங்கிய அக்கழகம், இடைப்பட்ட ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் தகுதிகாண் சுற்றுப்போட்டியை அடைந்து, மீண்டும் மீண்டும் வாயிலில் நின்று திரும்பி, 2013இலேதான் உள்ளே நுழைந்தது. சிற்றூரில் ஹொக்கிக் கழகம் என்பது ஒரு பொழுதுபோக்கு அமைப்பு மாத்திரமன்று. அரங்கில் சிற்றுண்டி விற்போர், நுழைவாயிலில் நிற்போர், சிறுவரைப் பயிற்றுவோர் எனப் பலரும் ஊதியமின்றித் தம் உழைப்பை நல்கும் பொது நிறுவனம் அது. அவ்வுழைப்பின் பயன் பத்து ஆட்டங்களின் முடிவில் தங்கியிருந்தது. மேலே தொழில்முறை ஊதியம், கீழே தன்னார்வ உழைப்பு என்னும் இரட்டை அடித்தளத்தின்மீதே இக்கட்டுமானம் நின்றது என்பதைச் சுவீடிய விளையாட்டு பற்றிய புகழுரைகள் எளிதில் மறந்துவிடுகின்றன.

6

1980களின் பின் இச்சமரசம் நெகிழத் தொடங்கியது. மெய்ட்னரின் திட்டம் பெரிதும் நீர்த்த வடிவில் சட்டமாக முன்வைக்கப்பட்டபோது, 1983 ஒக்டோபர் 4ஆந் திகதி தொழிலதிபர்கள் ஸ்டொக்ஹோம் வீதிகளில் பேரணி நடத்தினர். 1991இல் ஆட்சிக்கு வந்த வலதுசாரிக் கூட்டணி அந்நிதியங்களைக் கலைத்தது. அதே தசாப்தத்தின் தொடக்கத்தில் ஏற்பட்ட வங்கி நெருக்கடி பொதுச்செலவைக் கட்டுப்படுத்தும் கொள்கைக்கு வழிகோலியது. இச்சூழலில் 1999இல் தேசிய விளையாட்டுச் சம்மேளனம் கழகங்கள் பங்குக் கம்பனிகளை அமைக்க அனுமதித்தது. ஆயின் கம்பனியின் வாக்குகளிற் பெரும்பான்மை உறுப்பினர் கழகத்திடமே இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. '51 சதவீத விதி' என வழங்கும் இது, மக்கள் இயக்கம் மூலதனத்துக்குக் கதவைத் திறந்தபோதும் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டமையைக் குறிக்கின்றது. 2013இல் இவ்விதியைத் தளர்த்தும் பிரேரணை சம்மேளனக் கூட்டத்தில் தோற்கடிக்கப்பட்டது. இரசிகர் அமைப்புகள் அதற்கெதிராக ஒன்றுதிரண்டமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

களத்தின் தீர்ப்போடு கணக்கேட்டின் தீர்ப்பும் இக்காலத்தில் வலுப்பெற்றது. மேற்பிரிவுகளில் ஆடுவதற்கு நிதிநிலை பற்றிய தகைமைகள் விதிக்கப்பட்டன. 2004இல் ஸ்டொக்ஹோமின் மற்றொரு பழம்பெரும் கழகமாகிய ஏ.ஐ.கே., ஆட்டத்தாலன்றி நிதி நெருக்கடியால், மூன்றாம் தரப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. கோல் எண்ணிக்கை மட்டுமன்றி ஐந்தொகையும் இனிமேல் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கும் என்பதே அதன் பொருள்.

வாயிலைப் பற்றிய சர்ச்சையும் இதனோடு கூர்மையடைந்தது. அயல்நாடான பின்லாந்தின் முதற்பிரிவு 2000இல் மூடப்பட்டது. தகுதிகாண் ஆட்டங்கள் அங்கு 2009இலேதான் மீண்டன. மூலதனம் இட்டவர்க்கு உறுதி வேண்டும், ஒரு மாதத்துத் தோல்வியால் பல ஆண்டு முதலீடு அழிதல் ஆகாது என்பது மூடுதலை வேண்டுவோரின் வாதம். இவ்வாதத்தின் பொருளியல் உள்ளடக்கம் தெளிவானது. இழப்பு நேரும் அபாயத்தை ஏற்பதே இலாபத்துக்கு நியாயம் எனக் கூறும் மூலதனம், வாய்ப்புக் கிட்டுமிடமெல்லாம் அந்த அபாயத்தை ஒழித்து ஏகபோகத்தை நாடுகின்றது.

சுவீடனில் மாற்றம் படிப்படியாக வந்தது. 2013இல் எலிட்சேரியன் என்னும் பெயர் நீக்கப்பட்டு, ஆங்கிலத்தில் அமைந்த பெயரின் முதலெழுத்துகளான 'எஸ்.எச்.எல்.' என்பது சூட்டப்பட்டது. உலகச் சந்தையை நோக்கிய திருப்பத்தை மொழியே அறிவித்தது. 2014 வசந்தத்தில் இறுதித் தகுதிகாண் சுற்றுப்போட்டி நடைபெற்றது. அதில் யூர்கோர்டன் மீண்டும் மேலேறியது, எரெப்ரூ தன் இடத்தைத் தக்கவைத்தது, யூர்கோர்டனின் நெடுநாட் போட்டியாளரான ஏ.ஐ.கே. வீழ்ந்தது. அடுத்த ஆண்டு முதல் ஆறு அணிச் சுற்றுக்குப் பதிலாக இரு கழகங்கள் நேருக்குநேர் மோதும் தொடர் புகுத்தப்பட்டது. 2015இல் முதற்பிரிவு பதினான்கு கழகங்களாக விரிந்தது.

இம்மாற்றத்தை வாயில் அடைபட்டதென ஒரே சொல்லில் கூறிவிட இயலாது. பழைய முறையில் பன்னிரண்டில் இரண்டு இடங்கள் ஆண்டுதோறும் போட்டிக்கு விடப்பட்டன. ஆனால் மேலிருந்து வந்த இருவரும் வென்று தம் இடங்களை மீட்கவும் கூடும். 2021 முதல் நடைமுறையிலுள்ள முறையில் பதினான்கில் ஓரிடமே மாறுகின்றது, ஆனால் அது மாறியே தீருகின்றது. 2017இல் தேசியச் சம்பியனாயிருந்த எச்.வீ.71 கழகம் 2021இல் வீழ்ந்தது. 1960 முதல் இடையறாது மேலிருந்த ப்ரினெஸ் 2023இல் வீழ்ந்து, மறு ஆண்டே மீண்டது. ஜெர்மனியிலும் பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்த முதற்பிரிவு 2021இல் இரண்டாம் பிரிவிலிருந்து ஓர் அணியை ஏற்று, அடுத்த ஆண்டு ஓர் அணியைக் கீழிறக்கியது. வரலாறு ஒரே திசையில் மட்டும் செல்வதில்லை என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள். வாயில் அகலமாய் இருந்து ஐயத்திற்குரியதாய் அமைவதும், ஒடுங்கி நிச்சயமாய் அமைவதும் சமூக சக்திகளின் பலாபலத்தைப் பொறுத்தனவே.

7

இனி, இவ்வரலாற்றை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என்னும் வினாவுக்கு வருவோம். முற்போக்குச் சிந்தனை மரபில் விளையாட்டைப் பற்றி இரு நோக்குகள் உள்ளன.

முதலாவது நோக்கிற்குச் சுவீடனின் பாட்டாளி வர்க்க எழுத்தாளர் ஈவார் லூ-யோஹான்சொன் சிறந்த எடுத்துக்காட்டு. பெருநிலக் கிழார்களின் பண்ணைகளில் ஆண்டு ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு கட்டுண்டு, கூலியிற் பெரும்பகுதியைப் பொருளாகவே பெற்ற உழவுத் தொழிலாளரின் வாழ்வைச் சிறுகதைகளாகப் படைத்தவர் அவர். அம்முறை 1945இல் ஒழிக்கப்பட்டமைக்கு அவரது எழுத்தும் துணைநின்றது. 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஐவிண்ட் யோன்சொன், ஹரி மார்ட்டின்சொன் ஆகியோர் எழுந்த அதே இலக்கிய அலையைச் சேர்ந்தவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே 'நான் விளையாட்டை ஐயுறுகின்றேன்' என்பதாகும். போட்டி விளையாட்டின் பெருக்கத்தை உழைக்கும் இளைஞரின் விழிப்புணர்வுக்குத் தடையாகவே அவர் கண்டார்.

இரண்டாவது நோக்கிற்குரியவர் திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சிய அறிஞர் சி.எல்.ஆர். ஜேம்ஸ். 1963இல் வெளியான 'எல்லைக்கு அப்பால்' என்னும் கிரிக்கெட் பற்றிய நூலில், குடியேற்ற ஆட்சி கொணர்ந்த ஓர் ஆட்டத்தினுள்ளேயே நிறமும் வர்க்கமும் பற்றிய போராட்டம் நிகழ்ந்தமையை அவர் எடுத்துக்காட்டினார். மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தலைமை பிராங்க் வொரலுக்கு வழங்கப்படல் வேண்டும் என அவர் நடத்திய இயக்கம், விளையாட்டுக்களம் அரசியற் களமாகவும் அமையலாம் என்பதை மெய்ப்பித்தது.

இவ்விரண்டையும் எதிரெதிர் நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் இயங்கியல் நோக்காகாது. சுவீடியத் தகுதிகாண் சுற்றுப்போட்டி இரு கூற்றுகளையும் ஒருங்கே மெய்ப்பிக்கின்றது. லூ-யோஹான்சொனின் ஐயம் பொருத்தமானதே. சிலர் ஏறுவர் என்னும் சாத்தியப்பாட்டைக் காட்டிப் பலர் கீழே இருப்பதை இயல்பாக்குவது ஏணியின் கருத்தியற் பணியாகும். லெக்சாண்டின் தொண்டர், தம் ஊர் கீழே இருப்பதற்குத் தொலைக்காட்சிப் பணத்தின் பங்கீட்டைக் காரணமாகக் காணாது, கடைசி ஆட்டத்தில் தவறிய ஒரு கோலைக் காரணமாகக் காணுமாறு அது செய்தது. அமைப்பின் ஏற்றத்தாழ்வு தனி அணியின் தகுதியின்மையாக உருமாற்றம் பெற்றது. 'தகுதி' என்னும் சொல்லிலேயே இம்மயக்கம் குடிகொண்டுள்ளது.

எனினும் இதனால் ஏணியை உடைத்துவிடுதல் முற்போக்காகிவிடாது. ஏணி இல்லாத வீட்டின் மாடியில் எவரும் இல்லாமற் போவதில்லை. முன்னரே ஏறியவர் அங்கு நிலையாகக் குடியிருப்பர். மூடிய கூட்டமைப்பை வேண்டியவர்கள் சமத்துவத்தின் பெயரால் அதனை வேண்டவில்லை, முதலீட்டின் பாதுகாப்பின் பெயராலேயே வேண்டினர். 51 சதவீத விதியைக் காத்து நின்ற இரசிகரும் உறுப்பினரும் இதனை உணர்ந்திருந்தனர். ஜேம்ஸ் காட்டிய அரசியல் இங்கேதான் செயற்பட்டது. பந்தயத்தைக் காணவந்த மக்கள், அதன் உடைமை பற்றிய வினாவை எழுப்பி வாக்களிக்கும் மக்களாக மாறினர். விளையாட்டு அவர்களை அரசியலிலிருந்து அகற்றியது என்பது இவ்விடத்தில் பொருந்தாது. அரசியல் அவர்கள் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது.

8

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மூன்று கருத்துகள் தெளிவாகின்றன. முதலாவது, ஏற்ற இறக்க முறையும் தகுதிகாண் சுற்றுப்போட்டியும் விளையாட்டின் இயல்பிலிருந்து தாமாக முளைத்தவையல்ல. குறிப்பிட்ட சமூக உறவுகளின் விளைவுகள் அவை. உறுப்பினரால் ஆளப்படும் கழகங்கள் வலுவுற்றிருந்த இடத்தில் வாயில் திறந்திருந்தது. மூலதனம் வலுவுற்றபோது அது ஒடுங்கவும் மூடவும் தலைப்பட்டது. இரண்டாவது, வாயில் திறந்திருத்தல் மாத்திரம் சமத்துவமாகாது. வருவாயின் பங்கீடு, அரங்கின் உடைமை, உழைப்பின் ஊதியம் ஆகியன மாறாதவரை, திறந்த வாயிலினூடாகச் செல்வோர் சிலராகவே இருப்பர். மூன்றாவது, திறந்த வாயிலின் குறைபாட்டைக் காட்டி அதனை அடைக்க முனைவோரையும், அக்குறைபாட்டைக் காட்டி அதனை அகலிக்க முனைவோரையும் நாம் வேறுபடுத்திக் காணல் வேண்டும். இருசாராரும் ஒரே விமர்சனத்தை எடுத்தாளக்கூடும். அவர்தம் வர்க்க நலன்கள் ஒன்றல்ல.

சுவீடிய ஹொக்கியின் தகுதிகாண் சுற்றுப்போட்டி இன்று இல்லை. ஆயின் அது எழுப்பிய வினா ஹொக்கிக்கு மட்டும் உரியதன்று. தகுதியை அளக்கும் கருவி எவ்வளவு நுட்பமாக அமைந்தாலும், அதனைக் கையாள்வோர் யாவர், எவ்வளவு இடங்கள் உள்ளன என்பதை முன்கூட்டியே தீர்மானிப்போர் யாவர் என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது. அவ்வினாவை எழுப்பும் உரிமை உறுப்பினரிடம் உள்ளவரை ஆட்டம் மக்களுடையது என்று சொல்ல இடமுண்டு.